ஒரு வரிப் பெயரைப் பிடித்து உலகம் சுற்றுவது எப்படி

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு வரலாறு கதைக்கிறேன். படிப்பிக்கிறேன் என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். "இந்தக் கதையெல்லாம் எங்கே எடுக்கிறீங்க ரீச்சர்?" என்று தாய்மார் கேட்கிறார்கள். எடுக்கிற விதத்தை எழுதிவைக்கிறேன், வீட்டிலேயே செய்து பாருங்கள்.

முதலில் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரியோடு காணாமற்போகிற ஒரு ஆளைத் தேடுங்கள். பெரிய அரசர்கள் வேண்டாம், அவர்களை எல்லோரும் கரைத்துக் குடித்தாயிற்று. எனக்குப் பிடித்த வரி இது: "1603 இல் ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வேர்ட் மட்டக்களப்பில் கொல்லப்பட்டார்." பிள்ளைகள் இதைப் பாடமாக்கிவிட்டு மறந்துபோவார்கள். நீங்கள் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் வருடம், வலது பக்கம் இடம். கீழே 1603, மட்டக்களப்பு. இப்போது மேல்நோக்கிப் போங்கள்: மூன்று வருடம் முன்னால் இந்த மனிதர் எங்கே இருந்தார்?

தென்னமெரிக்காவின் அடிமுனையில்! 1598 இல் ரொட்டர்டாமில் இருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. மகெல்லன் நீரிணையைத் தாண்டி ஆசியாவுக்கு வருவது திட்டம். டி வேர்ட்டின் கப்பல் புயலில் பின்தள்ளப்பட்டு, குளிரிலும் பசியிலும் மாதக்கணக்காக அந்த நீரிணைக்குள்ளேயே கிடந்தது. பென்குயின்களை அடித்துத் தின்றுதான் உயிர்பிடித்தார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில், 1600 ஜனவரியில், போக்லாந்துக்கு அருகே வரைபடத்தில் இல்லாத சில தீவுகளைக் கண்டார். நெடுங்காலம் அவை வரைபடங்களில் செபால்ட் தீவுகள் என்றே இருந்தன, இன்று ஜேசன் தீவுகள். அதே கூட்டத்தில் புறப்பட்ட இன்னொரு கப்பல் லீப்ட. அது 1600 ஏப்ரலில் ஜப்பானை அடைந்தது. அதில் வந்த வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேயர் தொகுகவா இயெயசுவுக்கு ஆலோசகரானார். ஒரே நாளில் பாய் விரித்த ஆட்களில் ஒருவருக்கு ஜப்பான் ஆட்சியாளரின் அரவணைப்பு, இன்னொருவருக்கு மட்டக்களப்பில் சாவு.

கொப்பியின் வலது பக்கத்தில் ஒரே இடம் இரண்டு பேருக்கு வந்தால் கோடு போட்டு இணையுங்கள். 1602 இல் மட்டக்களப்பில் இறங்கி கண்டிக்குப் போன யோரிஸ் வான் ஸ்பில்பேர்கனுக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். 1614 இல் அவர் மறுபடி புறப்பட்டு, அதே மகெல்லன் நீரிணை வழியாக உலகைச் சுற்றி 1617 இல் வீடு சேர்ந்தார்.

அடுத்தது, கொன்றவரின் பக்கம். கண்டி அரசர் முதலாம் விமலதர்மசூரியன் இளமையில் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அப்போது வைத்த பெயர் டொம் ஜோவாவோ டி ஆஸ்திரியா. லெபாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்ற தளபதியின் பெயரும் அதுதான். சிறைபிடித்த போர்த்துக்கேயரை டி வேர்ட் விட்டுவிட்டார், அரசருக்குச் சந்தேகம் வந்தது. குடிவெறியில் அரசியைப் பற்றித் தகாத வார்த்தை சொன்னார் என்பதும் கதை. இந்த இடத்தில் பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்க வையுங்கள்: இதை எழுதிவைத்தவர் யாருடைய ஆள்? "குடிவெறி" என்று எழுதினால் யாருக்கு வசதி? போன தடவை பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, "அப்ப ஒல்லாந்தக் கொம்பனிக்குப் பழி வராது ரீச்சர்" என்றது. எனக்கு அதுவே போதும்.

சரி, இனிச் சரிபார்ப்பு. ஆள் செத்த வருடத்தையும் இடம் கட்டப்பட்ட வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டி வேர்ட்டை மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டைக்குள் வைத்துக் கொன்றதாக யாராவது கைகாட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். போர்த்துக்கேயர் அந்தக் கோட்டையைக் கட்டியது 1628 இல், ஒல்லாந்தர் பிடித்தது 1638 இல். ஆங்கிலப் புத்தகத்தில் திகதி பத்து நாள் குறைவாக நின்றாலும் பதற வேண்டாம். ஒல்லாந்தரின் மாகாணங்களான ஒல்லாந்தும் சீலாந்தும் புதிய நாட்காட்டிக்கு 1580களிலேயே மாறின, இங்கிலாந்து 1752 இல்தான் மாறியது.

வயது போனவர்களிடம் கேட்கும்போது வருடம் கேட்காதீர்கள், தோன்றியதைச் சொல்வார்கள். "சூறாவளிக்கு முன்னமா, பிறகா?" என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23 எங்கள் ஊரில் ஒருவருக்கும் பிசகாது.

ஆளுக்குப் பதிலாக ஒரு பொருளையும் பின்தொடரலாம். எங்கள் கரைக்கு எதிரே கடலுக்கடியில் கிடக்கும் ஹேர்மஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை எடுங்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன, 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. மருத்துவக் கப்பல் வீட்டா சுமார் 600 பேரைத் தூக்கியது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். கொப்பியில் மேல்நோக்கிப் போனால்தான் வேடிக்கை. விமானந்தாங்கியாகவே வடிவமைத்து உலகில் முதலில் கட்டத் தொடங்கிய கப்பல் ஹேர்மஸ். பிரித்தானியர் இழுத்தடித்து 1924 இல்தான் சேவையில் சேர்த்தார்கள், எங்கள் கல்லடிப் பழைய பாலம் முடிந்ததும் அந்த வருடம்தான். அதற்குள் 1922 இல் ஜப்பான் தன் ஹோஷோவை முடித்து முந்திக்கொண்டது. ஜப்பானியக் கடற்படைக்கு விமானம் ஓட்டப் பழக்கியது யார்? 1921 இல் செம்பில் என்பவர் தலைமையில் போன பிரித்தானியப் பயிற்சிக் குழு.

பகிடிக் கதைகளும் வேண்டும், ஆனால் பகிடியோடு நின்றுவிடாதீர்கள். 1932 இல் அவுஸ்திரேலியா எமு பறவைகளுக்கு எதிராக மேஜர் மெரடித்தையும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் அனுப்பித் தோற்றது. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், பறவை ஏன் வந்தது என்று கேளுங்கள். காணி கிடைத்தவர்கள் முதலாம் உலகப்போரிலிருந்து வந்த சிப்பாய்கள், கோதுமை விலை விழுந்திருந்தது, விளைந்த வயலும் தண்ணீரும் எமுக்களை இழுத்தன. அம்பாறைப் பக்கம் யானை வேலிக்குப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

வட்ஸ்அப்பில் வருவதில் பாதியைக் கழித்துவிடுங்கள். நெப்போலியன் குள்ளன் என்பது அதில் ஒன்று. 5 அடி 2 அங்குலம் என்றது பிரெஞ்சு அளவு, அது 168 சென்ரிமீற்றர் அளவில் வரும்.

சொல்லும்போது கொப்பியின் மேலிருந்து கீழே வாருங்கள். பென்குயினில் தொடங்குங்கள், மட்டக்களப்பு என்ற பெயரைக் கடைசிவரை வாயில் எடுக்காதீர்கள். தொடங்க ஒரு ஆள் தேவையென்றால் வில்லியம் ஓல்ட்டை எடுங்கள். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்தப் பாதிரியார், மத்திய கல்லூரியின் தொடக்கம் அவரிடம்தான். அடுத்த வருடமே இறந்துபோனார். அவர் வந்த பாதிரியார் குழுவைக் கூட்டிவந்த தோமஸ் கோக் கரையைக் காணாமல் நடுக்கடலில் காலமானார். கோக் அதற்கு முன் எத்தனை தடவை அத்திலாந்திக்கைக் கடந்தார், எதற்காக என்று தேடுங்கள். அதற்கே கொப்பியில் ஒரு பக்கம் போதாது.