ரெஞ்சில் குறையில்லை, பேட்டரியில்தான்

வீல் பேரிங் மாற்றுவதற்காகக் காரின் முன்சக்கர அச்சு நட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். கையில் 18 வோல்ட் கம்பியில்லா இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது அடித்தடித்து நட்டைத் திருப்பும் பேட்டரிக் கருவி. பெட்டியில் முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. கடகடவென்று அடித்ததே தவிர, நட்டு அசையவில்லை.

கழன்றுவிடாதபடி அச்சின் பள்ளத்தில் தட்டி மடித்திருந்த நட்டின் விளிம்பை முன்பே உளியால் நிமிர்த்தியிருந்தேன். துருநீக்கி எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன், பயனில்லை. நீட்டிப்புக் கம்பி அடியின் வேகத்தை விழுங்கிவிடும் என்பதால் அதை எடுத்துவிட்டு, அரை அங்குல இம்பாக்ட் சாக்கெட்டை நேரடியாகப் பொருத்தினேன். சத்தம் கனத்தது, அவ்வளவுதான். பெரிய ரெஞ்ச்சுக்குக் கடையில் விலைகூட விசாரித்துவிட்டேன்.

பிறகுதான் பேட்டரி விளக்குகளைக் கவனித்தேன். சும்மா இருக்கும்போது நான்கும் எரிந்தன. ரெஞ்ச் அடித்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்திப் பார்த்தால் இரண்டுதான்! சுமை ஏறியதும் பேட்டரியின் வோல்டேஜ் சரிந்துவிடுகிறது.

என்னுடையது 2 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி: உள்ளே ஐந்து செல்கள், ஒரே வரிசை. 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல்கள், இரண்டிரண்டாக இணைந்தவை. சுமையைப் பகிர்ந்துகொள்வதால் வோல்டேஜ் அந்த அளவுக்குச் சரியாது. நண்பரிடம் அதே நிறுவனத்தின் பெரிய பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டினேன். சில விநாடிகளில் நட்டு சுழன்றது. அப்பாடா!

புது நட்டை இம்பாக்ட் ரெஞ்சால் இறுக்கவில்லை. கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, விளிம்பைப் பள்ளத்தில் தட்டி மடித்தேன்.