அடுக்கு மேடைக்கு ஒளியமைப்பு வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் தமிழ் நாடகம் போடும் சிறு குழுக்களுக்கு அரங்கம் பெரும்பாலும் நிகழ்ச்சியன்று காலையில்தான் கைக்கு வருகிறது. செட்டை நிறுத்தி, விளக்குகளைக் கட்டி, ஒவ்வொன்றின் திசையையும் சரிசெய்து, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிட்டு மாலையில் திரை விலக வேண்டும் என்பதால், எந்த விளக்கு எங்கே, எந்தத் திசையில் என்று காட்டும் வரைபடத்தில் விட்ட பிழையை ஏணிமேல் நின்று திருத்த நேரம் கிடைப்பதில்லை. சமதள மேடையில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். மாடியும் படிக்கட்டும் சரிவும் கலந்த செட்டில் அது நடக்காது.

நான் அடிக்கடி காணும் பெரிய தவறு, மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை மட்டும் வரைந்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது. அந்தப் படத்தில் தரையில் நிற்பவரும் இரண்டு மீட்டர் மாடியில் நிற்பவரும் ஒரே புள்ளிதான். விளக்குகளைத் தொங்கவிடும் குழாயான விளக்குப் பார் 6 மீட்டர் உயரத்திலும், நடிகருக்கு முன்னால் கிடைமட்டமாக 4.4 மீட்டர் தள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். தரையில் நிற்பவரின் முகம் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒளி 45 பாகையில் விழுந்து கண்குழியையும் மூக்கையும் அழகாக வடிக்கும். அதே நடிகர் அதே இடத்தில் மாடிமேல் நின்றால் கோணம் 29 பாகையாகக் குறைகிறது. முகம் தட்டையாகிறது, தரையில் விழுந்திருக்க வேண்டிய நிழல் பின்சுவரில் ஏறி நிற்கிறது. விளக்கு நெருங்கிவிடுவதால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 26 பாகை விரிவில் ஒளி வீசும் விளக்கின் ஒளிவட்டமோ 2.9 மீட்டரிலிருந்து 2.3 மீட்டராகச் சுருங்குகிறது. எனவே ஒவ்வொரு மட்டத்தின் வழியாகவும் பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் (செட்டை வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பது போன்ற படம்) ஒன்றை வரைந்து, அந்தந்த மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் மேலே முகக்கோடு ஒன்றை இழுத்து, ஒளிக்கூம்பு அந்தக் கோட்டை வெட்டும் இடத்தைத்தான் அளக்க வேண்டும். ஒளி விழ வேண்டியது முகத்தில். தரையில் வட்டம் போட்டுப் பயனில்லை.

அரங்கத்தார் தரும் பழைய படத்தை அப்படியே நம்புவதும் தவறு. ஒருமுறை 6 மீட்டர் என்று குறித்திருந்த பாரை அளக்காமலே வரைந்துவிட்டேன். கட்டும்போது அது 5.4 மீட்டருக்கு மேல் ஏறவில்லை. மாடிக் காட்சிக்குக் கோணம் 22 பாகைக்கு இறங்கியது, நாடகம் முழுக்க நாயகியின் நிழல் சுவரில் அவளோடு நடந்தது. அந்தப் பிழை என்னுடையது. அதற்குப் பின் டேப் இல்லாமல் நான் எந்த அரங்குக்குள்ளும் போவதில்லை. கணினியில் முப்பரிமாணப் படம் எவ்வளவு அழகாக வந்தாலும், உள்ளே கொடுத்த அளவு பொய்யானால் படமும் பொய்தான்.

மாடிக்கு அடியில் உருவாகும் குகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பாரின் ஒளியை மாடியின் விளிம்பு வெட்டிவிடும். அங்கே பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் ஒளியோ, செட்டுக்குள் மறைத்து வைக்கும் சிறு விளக்கோதான் வழி. அதற்கான துளையையும் கேபிள் பாதையையும் தச்சர் பலகை அறுப்பதற்கு முன்பே செட் வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஓர் அரங்குக்கு வரைந்ததை மற்றோர் அரங்குக்குத் தூக்கிப்போவதும் ஆபத்து. ரவீந்திர கலாக்ஷேத்ராவில் பார்வையாளர்கள் எதிரே மட்டும் அமர்கிறார்கள். ரங்க சங்கராவின் மேடையோ அவர்கள் நடுவே நீண்டு நிற்கிறது. முதலாவதில் அருமையாக அமைந்த தாழ்ந்த பக்க ஒளி இரண்டாவதில் ஒருவர் கண்ணைக் கூச வைக்கலாம்.

மின்சுமையைக் கூட்டிப் பார்க்கத் தவற வேண்டாம்: 1,000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். படத்தின் மூலையில் தேதியும் திருத்த எண்ணும் இருக்கட்டும்.

கடைசியாக, ஏணி. செட் முழுதாக எழுந்தபின் படிக்கட்டிலும் சரிவிலும் ஏணிக்கால் ஊன்றாது. அவற்றுக்கு நேர்மேலே உள்ள விளக்குகளை வரைபடத்தில் வேறு நிறத்தில் குறித்து, படிகளைப் பொருத்துவதற்கு முன்பே அவற்றைத் திருப்பி முடுக்கிவிட வேண்டும் என்று செட் குழுவிடம் முன்நாளே சொல்லி வைக்க வேண்டும்.