பழைய சின்னக் கார் சூடாகிறதா? ஹெட் கேஸ்கட்டுக்குப் பணம் கட்டும் முன் இதையெல்லாம் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் சின்னக் கார் மூன்றாவது மாதமே சூடாக ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் வெப்பநிலை முள் ஏறும், கிளம்பி ஓடினால் இறங்கிவிடும். தெர்மோஸ்டாட்தான் (சூடானதும் திறந்து திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) காரணம் என்று நானாகவே முடிவு கட்டி அதை மாற்றினேன், மாற்றிய பிறகு ஓடும்போதும் சூடானது. பட்டறையில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார்கள். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு அது. அவர்கள் சொன்ன தொகை கார் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. கடைசியில் பார்த்தால் பழுதாகியிருந்தது ரேடியேட்டர் விசிறியின் ரிலே (அதை ஓடவிடும் மின் சுவிட்ச்). மிச்சப் பிரச்சினை நான் தெர்மோஸ்டாட்டைப் போட்ட லட்சணத்தால் வந்தது.

கருவிகள் அதிகம் வேண்டாம். டார்ச், புனல், மல்டிமீட்டர், அப்புறம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. கடைசியாகச் சொன்னதை மட்டும் அவசியம் வாங்குங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்பவே கூடாது, பல கார்களில் அது கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கூலன்டின் (இன்ஜினை ஆற்றும் திரவத்தின்) வெப்பநிலை எண்ணாகவே போனில் தெரியும்.

படி 1: எப்போது சூடாகிறது?

இதை நான் கவனித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் விசிறிப் பக்கம் பாருங்கள், ஏனென்றால் ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் அடிக்கும், நிற்கும்போது விசிறிதான் கதி. வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட். இரண்டு நிலையிலும் சூடானால் முதலில் கூலன்ட் அளவு.

படி 2: ரேடியேட்டர் மூடி

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும், துணியைச் சுற்றித் திறக்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதித்துவிடும். நல்ல மூடி சுமார் 1 பார் அழுத்தம் பிடித்தால் அது 130-ஐ நெருங்கித்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி என்றால் அந்த இடைவெளி போய்விட்டது. ரிசர்வ் டப்பா நிரம்பி வழிந்து, ரேடியேட்டர் மட்டும் காலியாக இருந்தாலோ, ஆறும்போது மேல் ஹோஸ் சப்பிப் போனாலோ மூடியின் உறிஞ்சும் வால்வு வேலை செய்யவில்லை. இந்த வேலையிலேயே மலிவான பாகம் இதுதான், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள்.

படி 3: விசிறி

ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுற்றும். சுற்றவில்லையா, பியூஸ், பிறகு ரிலே. பியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே, பல கார்களில் ஹாரனுடையது, இருக்கும், அதை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எனக்கு ஏசி போட்டதுமே விசிறி சுற்றிவிட்டது. ரிலே நல்லதாக இருந்தும் சுற்றாவிட்டால் மோட்டாரின் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். வந்தும் சுற்றவில்லை என்றால், எர்த் வயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மோட்டார் போயிற்று என்று முடிவு செய்யலாம். இன்ஜினை அணைத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றும், விரல் ஜாக்கிரதை.

கசிவு தேடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்: காய்ந்த வெள்ளை அல்லது நிறத் தடம், காரின் உள்ளே ஈரமான மிதியடி. ஓட்டை அடைக்கும் ரசாயனத்தை மட்டும் ஊற்றாதீர்கள், அது ஓட்டையோடு ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

படி 4: தெர்மோஸ்டாட்டும் ஏர் லாக்கும்

நான் வழுக்கிய இடம் இது. பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஒரு குட்டி ஊசியும் இருக்கும். காற்று வெளியேறத்தான் அது. செங்குத்தாகப் பொருத்தும் இடத்தில் அது மேல்பக்கம் வர வேண்டும். நான் கீழ்ப்பக்கம் வைத்துப் பூட்டிவிட்டேன். காற்று தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது, கூலன்ட் அதைத் தொடவே இல்லை, அதனால் திறக்க வேண்டிய 82 முதல் 90 டிகிரியில் அது திறக்கவும் இல்லை. இப்படிக் காற்று சிக்குவதுதான் ஏர் லாக், அது இருப்பதற்கு அடையாளம்: இன்ஜின் கொதிக்கும், ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வரும்.

காற்றை வெளியேற்றுவது இப்படி. காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்புங்கள். மூடி திறந்தபடி, புனல் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டு ஊற்றினால் காற்றை நீங்களே உள்ளே அடைக்கிறீர்கள். காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து வைத்து மூடுங்கள். ஸ்டார்ட் செய்து, இடையிடையே மேல் ஹோஸை அமுக்கி விடுங்கள், அளவு சட்டென்று இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். ஹோஸ் கை வைக்க முடியாதபடி சூடாகும் முன் மூடியைப் போட்டு, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஓடவிடுங்கள். மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில், மீண்டும் அளவு பாருங்கள். எனக்கு மறுநாள் கிட்டத்தட்ட அரை லிட்டர் குறைந்திருந்தது, அதைப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் மறுபடி பட்டறைதான்.

ஊசியைத் திருப்பிப் போட்டு காற்றை எடுத்ததும் ஓடும்போது வந்த சூடு நின்றது. நிற்கும்போது வந்தது அப்படியே இருந்தது. அப்போதுதான் ஸ்கேனரில் 105 டிகிரி காட்டியும் விசிறி சும்மா இருந்ததைப் பார்த்தேன். ஏசி போட்டால் சுற்றியதே என்று ரிலேயை விட்டுவைத்திருந்தேன், என் காரில் ஏசிக்குத் தனி ரிலே. ஆக படி 3-ஐ ஏசி போடாமல், கூலன்ட் சூடேற விட்டும் ஒருமுறை பாருங்கள்.

ஹோஸ் கிளாம்ப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. திருகு வைத்ததை விட ஸ்பிரிங் கிளாம்ப்தான் நல்லது, ரப்பர் சூட்டில் விரிந்து ஆறியதும் சுருங்கும்போது அதுவும் கூடவே இறுகும்.

சரி, ஹெட் கேஸ்கட்டாகவே இருந்தால்?

ரேடியேட்டர் வாயில் வரும் ஏர் லாக் குமிழி கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், கேஸ்கட் குமிழி நிற்காது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் கவலைப்படலாம். ஆயில் மூடியின் அடியில் பால் நிறக் கசடு மட்டும் போதாது, குட்டித் தூரமே ஓடும் காரில் ஈரத்தாலும் அது வரும். ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு, இன்ஜினில் எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பட்டறையில் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, கேஸ்கட் தகடு மலிவு. பணம் போவது பிரிக்கும் கூலிக்கும், கோணிய ஹெட்டை மட்டம் செய்வதற்கும். வாட்டர் பம்ப்பும் அப்படித்தான், டைமிங் பெல்ட் அதைச் சுழற்றும் இன்ஜின் என்றால் பெல்ட்டைக் கழற்றும் ஒரே கூலியில் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றி, ஆறு மாதத்தில் பம்ப் ஒழுகினால் அதே கூலியை இன்னொரு முறை கட்ட வேண்டும்.

பிறகு சேர்த்தது: தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், கம்ப்யூட்டர் அதுவரை பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், பி0128 என்ற பழுதுக் குறியீட்டோடு எச்சரிக்கை விளக்கும் எரியும்.

இன்னொன்று: ரேடியேட்டரில் மூடியே இல்லை, பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கிறது என்றால், உங்கள் காரில் அந்த டப்பாவே அழுத்தம் தாங்குவது. மேலே சொன்ன எல்லாம் அந்த மூடிக்கும் பொருந்தும், ஊற்றுவதும் அதில்தான். கீழே சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது கொடிய விஷம்.