வீடியோ ரிலே: சைகை மொழியில் முதல் போன் அழைப்பைச் செய்வது எப்படி?

அமெரிக்காவில் காது கேளாதோர் வெகுகாலம் டிடிஒய் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத்தான் போன் பேசினார்கள். ஒருவர் தட்டி முடித்து ‘ஜிஏ’ (கோ அஹெட், ‘நீங்கள் தொடரலாம்’) என்று போட்ட பிறகே அடுத்தவர் தொடங்கலாம். நடுவில் குறுக்கிட வழியில்லை. வீடியோ ரிலே அதை மாற்றியது. நீங்கள் சைகையில் பேசுவதை மொழிபெயர்ப்பாளர் திரையில் பார்த்து மறுமுனைக்குக் குரலில் சொல்வார். அங்கிருந்து வரும் பதிலை உடனுக்குடன் சைகையில் காட்டுவார். அவசரமோ எரிச்சலோ, அதுவும் அவர் முகத்தில் தெரிந்துவிடும்.

1. பதிவு

சோரன்சன், கான்வோ போன்ற நிறுவனங்கள் இந்தச் சேவையைத் தருகின்றன. ஒன்றின் செயலியை இறக்கிப் பதிவு செய்யுங்கள். பெயர், பிறந்த தேதி, அமெரிக்க முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் கேட்பார்கள். சரிபார்த்ததும் வழக்கமான 10 இலக்க நம்பர் கிடைக்கும். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி மேற்பார்வையில் உள்ள ரிலே நிதி செலவை ஏற்கிறது.

இந்தியாவில் சைகை மொழி கற்றுவிட்டு அங்கே போனவர்கள் கவனிக்க: மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்துவது அமெரிக்கச் சைகை மொழி. அது வேறு, இந்தியச் சைகை மொழி வேறு.

2. கேமரா

முகத்துக்கு எதிரே வெளிச்சம் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். தலையிலிருந்து இடுப்பு வரை திரையில் தெரிய வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வைத்தால் இரண்டு கையும் பேசலாம்.

3. அழைப்பு

நம்பரை அடித்ததும் மொழிபெயர்ப்பாளர் திரையில் வருவார். உடனே இணைக்கச் சொல்லிவிடாதீர்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். யாரை, எதற்காக அழைக்கிறீர்கள் என்று முதலில் இரண்டு வரி சொல்லுங்கள். டாக்டர் பெயர், மருந்தின் பெயர் மாதிரியானவற்றை விரலெழுத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தாக விரல்களால் காட்டிவிடுங்கள். மருந்துப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வம்புதான்!

அப்புறம் இணைப்பார். மணி அடிப்பது, ‘ஒன்றை அழுத்தவும்’ என்ற பதிவுக் குரல், காத்திருக்கும்போது ஓடும் பாட்டு எல்லாவற்றையும் தெரிவிப்பார். இது ரிலே அழைப்பு என்று மொழிபெயர்ப்பாளர் அறிமுகம் செய்யும்போதே, மறுமுனையில் சிலர் விளம்பர அழைப்பு என்று நினைத்து வைத்துவிடுவதுண்டு. அப்படியானால் மறுபடி போடச் சொல்லுங்கள், அறிமுகத்தையும் சுருக்கச் சொல்லுங்கள்.

பேச்சு உங்களுக்கும் மறுமுனைக்கும்தான். “அவரிடம் சொல்லுங்கள்” என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேச வேண்டாம். “எனக்கு நாளைக்கு நேரம் வேண்டும்” என்று நேராகவே சொல்லுங்கள். வாயால் பேச வருமென்றால் உங்கள் குரலிலேயே பேசி, பதிலை மட்டும் சைகையில் பெறும் வசதியும் கேட்கலாம். பேசியதை வெளியே சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி கிடையாது. அதனால் வங்கி விஷயம், உடம்பு விஷயம் எதையும் தயங்காமல் பேசலாம்.

4. உங்களுக்கு வரும் அழைப்பு

காது கேட்பவர் உங்கள் நம்பரை அடித்தால் மொழிபெயர்ப்பாளர் தானாக இணைந்துகொள்வார். உங்களைப் போலவே வீடியோ நம்பர் வைத்திருப்பவர் என்றால் நடுவில் யாரும் வேண்டாம். முகம் பார்த்து நேரடியாகவே பேசிக்கொள்ளலாம்.

ஒரே அறையில் இருக்கும் இருவருக்கு இடையே மொழிபெயர்க்க இதைப் பயன்படுத்த விதி இடம் தருவதில்லை. மருத்துவமனையில் டாக்டரோடு நேரில் பேச, தொலைவிலிருந்து மொழிபெயர்க்கும் வேறு வீடியோ சேவை உண்டு. அதை மருத்துவமனைதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

5. முகவரி

வீடு மாறினால் அன்றே செயலியில் முகவரியைத் திருத்துங்கள். 911-ஐ அழைத்தால், அங்கே பதிவாகியுள்ள இடத்துக்குத்தான் ஆம்புலன்ஸ் போய் நிற்கக்கூடும்.