சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் காணொளி வழியாக மருத்துவரைக் கலந்து பேசுவது எப்படி

கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும் திரும்பி வரும் இயல்புடையது என்பதால், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நோயாளியை ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்க வைக்கிறது. தீவிரம் குறைந்த வகைக்கே அறுவைக்குப் பின் 3ஆம் மாதம் ஒரு சிஸ்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயால் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்ப்பது), அதிலிருந்து 9 மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று போக வேண்டும். தீவிரம் மிகுந்த வகை என்றால் முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், 5ஆம் ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். இவற்றுக்கு நடுவே ரிப்போர்ட் காட்டவும் சந்தேகம் கேட்கவும் போகிற பயணங்கள் தனி. காணொளி ஆலோசனை அந்தப் பயணங்களைத்தான் குறைக்கும், சிஸ்டோஸ்கோப்பியைக் குறைக்காது. சிறுநீரில் இரத்தம் தெரியவில்லை, எரிச்சலும் இல்லை, ஆகவே இந்த முறை போனிலேயே பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் பலர். கட்டி ஓசையில்லாமலும் திரும்பி வளரும் என்பதால், இதைவிடப் பெரிய தவறு இந்த நோயில் இல்லை என்பேன்.

பயாப்சி (எடுத்த சதைத் துண்டின் பரிசோதனை), ஸ்கேன் முடிவுகளை விளக்கிக் கேட்பது, சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. மருந்தின் பக்கவிளைவுகளைச் சொல்வது, ஸ்டோமா (சிறுநீர்ப்பையை எடுத்தபின் சிறுநீர் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) பராமரிப்பு, இரண்டாவது கருத்து கேட்பது ஆகியவை காணொளிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் புற்று சிறுநீர்ப்பைச் சுவரின் தசைவரை இறங்கிவிட்டது, சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு வருமானால், அதை நேரில், குடும்பத்தாரோடு உட்கார்ந்து கேட்பதே நல்லது.

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, ஒரு நோய்க்காக மருத்துவரை நேரில் பார்த்த 6 மாதத்துக்குள் அதே நோய்க்காகப் பேசுவது தொடர் ஆலோசனையாகக் கருதப்படும். முதல்முறை பேசுபவருக்கு எழுத முடியாத சில மருந்துகளையும் அப்போது மருத்துவர் எழுதித் தரலாம். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். மார்பின் போன்ற மருந்துகளை இந்த வழியில் எழுதித் தர அனுமதியில்லை. வலிக்காக அதை உட்கொள்பவர்கள் தீர்வதற்கு முன்பே நேரில் போய்விட வேண்டும். ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவ சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது என்றாலும், அதில் வரும் மருத்துவர் உங்கள் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்த்தவர் அல்லர். சில்லறைத் தொந்தரவுகளுக்கு அது போதும். கட்டியைப் பற்றிய பேச்சை அறுவை செய்த யூராலஜிஸ்டிடமே (சிறுநீரக, சிறுநீர்ப்பை அறுவை மருத்துவரிடமே) வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலோசனைக்கு முந்தைய நாளே காகிதங்களை அனுப்பிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் மூன்று செய்திகளைத் தேடிக் கோடிட்டு வையுங்கள்: கட்டி எந்த நிலை, டிஏவா (உள்படலத்தோடு நின்றது) டி1ஆ (படலத்துக்கு அடியில் இறங்கியது) டி2வா (தசைக்குள் இறங்கியது); அதன் கிரேடு, அதாவது புற்றணுக்களின் வீரியம், குறைவா கூடுதலா; எடுத்த சதையில் தசை இருந்ததா. பெரிதும் மறக்கப்படுவது மூன்றாவதுதான். சதைத் துண்டில் தசையே இல்லையென்றால் புற்று தசைக்குள் இறங்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மீண்டும் ஒருமுறை சுரண்டிப் பார்க்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்று நாள்களுக்குச் சிறுநீர்க் குறிப்பு ஒன்று எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எரிச்சல் தொடக்கத்திலா முடிவிலா என்பவை போதும். நிறம் மாறியிருந்தால் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியலாம். மாத்திரைப் பட்டைகளையும் கையருகே வைத்திருங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் உண்டா என்று மருத்துவர் கேட்பார். சர்க்கரை நோயாளிகள் பட்டையின் பின்புறப் பொடி எழுத்தையும் கேமராவில் காட்ட வேண்டும். மெட்ஃபார்மினோடு சேர்ந்து வரும் சில கூட்டு மாத்திரைகளில் பயோகிளிட்டசோன் இருக்கும். அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர்களும் முன்பு இருந்தவர்களும் தவிர்க்க வேண்டிய மருந்து. நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து கேளுங்கள்.

என் பார்வையில் தொலை ஆலோசனை மிகவும் பயன்படுவது பி.சி.ஜி. சிகிச்சைக் காலத்தில்தான். இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி; முதல் சுற்றில் வாரத்துக்கு ஒன்றாக 6 வாரம் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் இரத்தமோ, கிருமித் தொற்றோ, காய்ச்சலோ இருந்தால் அன்றைய மருந்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள். விடியற்காலைப் பேருந்தில் நான்கு மணி நேரம் வந்த முதியவர், முந்தின நாளிலிருந்தே சிறுநீர் சிவப்பாகப் போவதை வார்டில் சொன்ன பிறகு, அப்படியே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஊசி அறையின் செவிலியரிடம் முந்தைய நாள் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய நாள் ஒரு போன் பேச்சை முதல் வாரத்திலேயே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மருந்து ஏற்றிய பிறகு 6 மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, கழிவறையில் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதில் ஐயம் இருந்தால் அதே பேச்சில் கேட்டுவிடலாம்.

சிறுநீர்ப்பையை எடுத்து ஸ்டோமா வைத்தவர்கள், பையை மாற்றும் நேரத்துக்கே காணொளியை அமைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் ஸ்டோமாவின் நிறத்தையும் சுற்றியுள்ள தோலையும் ஸ்டோமா செவிலியர் பார்க்க முடியும். வாயின் உட்புறம்போல் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். கருத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் காணொளிக்குக் காத்திராமல் கிளம்புங்கள்.

பேசும்போது வீட்டார் ஒருவர் அருகிலிருந்து குறித்துக்கொள்ளட்டும். தாம்பத்திய உறவு பற்றியோ சிறுநீர்க் கசிவு பற்றியோ கேட்க விரும்பினால், அந்த ஐந்து நிமிடம் அவரை வெளியே இருக்கச் சொல்வதில் தவறில்லை. இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த சிஸ்டோஸ்கோப்பியின் தேதியைக் கேட்டு எழுதாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

இரத்தக் கட்டிகள் அடைத்துச் சிறுநீர் நின்றுவிட்டாலும், பி.சி.ஜி.க்குப் பின் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல் ஒரு நாளில் இறங்காவிட்டாலும், விலாவில் கடும் வலி எடுத்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் இளம் மருத்துவருக்கு உங்கள் வரலாறு தெரியாது; பி.சி.ஜி. ஏற்றிய தேதியை முதல் வாக்கியமாகச் சொல்லி, போனில் சேமித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்.