கோட்டையிலிருந்து பாரிமுனை வரை: பழைய சென்னையைப் படிக்கும் முறை

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் தொடங்குங்கள். தலைமைச் செயலகம் உள்ள வளாகம் என்பதால் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம்; அன்று கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். 1680-இல் திறக்கப்பட்ட இந்தத் தேவாலயத்தின் வளைவுக் கூரையில் மர உத்தரம் கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். சுவரின் கனத்தை ஜன்னல் ஓரம் நின்றால் அளந்துவிடலாம்.

முற்றத்தில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களில்தான் பலரும் தவறுவார்கள். தேவாலயத்தைவிடப் பழைய ஆண்டுகள்கூட அவற்றில் இருக்கும். காரணம், பழைய இடுகாடு இருந்தது முன்பு சட்டக் கல்லூரி இயங்கிய வளாகத்தில். 1758-59-இல் கோட்டையை முற்றுகையிட்டபோது தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயரமான சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டது. மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் சமாதிகளை இடித்தார்கள். எழுத்துள்ள பலகைகள் மட்டும் இங்கே வந்தன. ஆகவே இங்கே கல் இருக்கும் இடத்தைப் புதைத்த இடம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டின் சமாதி இடிபடாமல் தப்பிய மிகச் சிலவற்றில் ஒன்று.

தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காலைச் சாய்வெயில் நல்லது. இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸோ மாவோ தேய்க்கவே கூடாது, கல்லின் துளைகளில் தங்கி அரித்துவிடும். இன்னொன்று: 1752-க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அதற்கு முந்தைய கல்லில் 'பிப்ரவரி 1690' என்றிருந்தால் நம் கணக்கில் 1691 ஆக இருக்கலாம். தேவாலயத்தின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து உயர் நீதிமன்றம். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியான முதல் கறுப்பர் நகரம் இருந்த இடம் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் கோட்டையைப் பிடித்த பிறகு, எதிரி ஒளிய இடமில்லாமல் கோட்டையைச் சுற்றியிருந்த பகுதி வெட்டவெளியாக்கப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டு, இன்றைய பூக்கடைப் பகுதியில் புதிதாக எழுந்தது. வெட்டவெளியின் எல்லையைக் காட்ட நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது. 1773 என்று பொறித்த அந்தத் தூணை அவசரத்தில் கடந்துவிடுவீர்கள், நின்று தேடுங்கள்.

அங்கிருந்து ஆர்மேனியன் தெரு நடக்கும் தூரம். அங்குள்ள ஆர்மேனியர் தேவாலயம் 1772-இல் கட்டியது. மணிக்கூண்டு தனிக் கட்டடம்; அதில் ஆறு மணிகள். நடைபாதையிலும் கல்லறைப் பலகைகள் இருப்பதால் பார்த்துக் கால் வையுங்கள்.