பழைய அன்னக்கூடைக்குள் வீடியோ: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் விற்கும் அக்காமார் சுமந்து வரும் அலுமினிய அன்னக்கூடை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் மேலிருந்து புரொஜெக்டரால் வீடியோவை விழவைத்து ஒரு நிறுவல் கலை (இன்ஸ்டலேஷன்) செய்வது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. பாத்திரம் காலியாக இருக்கும். உள்ளே இரண்டு கைகள் மட்டும் நிஜ அளவில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும்.

பொருளின் மேல் படத்தை விழவைப்பதை வெளிநாட்டில் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். அமெரிக்கக் கலைஞர் டோனி அவர்ஸ்லர் 1990களில் துணிப் பொம்மைகளின் மேல் மனித முகங்களை விழவைத்தார். எனக்கு வழிகாட்டியது அதைவிடப் பழைய வேலை ஒன்று. கொரியாவில் பிறந்த வீடியோ கலைஞர் நாம் ஜுன் பைக் 1974இல் புத்தர் சிலைக்கு எதிரே ஒரு டிவியை வைத்து, அதில் அந்தச் சிலையையே நேரலையாகக் காட்டினார். சிலையை எடுத்துவிட்டால் டிவியில் ஒன்றும் மிஞ்சாது. நம் வேலையும் அப்படி இருக்க வேண்டும். பாம்பன் பாலத்தையோ சூரிய உதயத்தையோ கூடைக்குள் ஓட்டாதீர்கள். அந்தப் படத்துக்குக் கூடை தேவையே இல்லை, சுவரே போதும்.

பாத்திரம்

கடையில் புதிதாக வாங்காதீர்கள். புது அலுமினியம் கண்ணாடி மாதிரி ஒளியை ஒரே பக்கம் திருப்பி அடிக்கும். ஓரிடத்தில் கண் கூசும், மற்ற இடமெல்லாம் இருட்டு. உப்பும் ஐஸும் பட்டு மங்கிய பழைய பாத்திரம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் படம் தெரியும். உள்ளே குனிந்து பாருங்கள், தேய்த்துக் கழுவிய கோடுகள் வட்டம் வட்டமாக இருக்கும். விளிம்பில் தூக்கும் இடம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களால் பெரிய மண்டையோடு செய்தபோது பளபளப்பு அவருக்குத் தேவைப்பட்டது. நமக்குத் தேவை இந்த மங்கல்.

புதுக் கூடை ஒன்றை வாங்கிக் கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்குங்கள். எதற்கு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படம் பிடிப்பது

அதே கூடையில், அதே அக்காவின் கைகளைப் பிடிக்க வேண்டும். முகம் வேண்டாம், கை போதும்; அவர் சம்மதித்த பிறகுதான் அதுவும். போனை ஒரு கம்பில் கட்டி நேர் கீழே பார்க்க வையுங்கள். கூடையின் விளிம்பு படத்தின் மேலும் கீழும் தொட்டு நிற்கட்டும். பின்னால் விளிம்போடு விளிம்பு பொருத்தினால் கைகள் தானாகவே நிஜ அளவுக்கு வந்துவிடும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏலக்கூடத்து விளக்கில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். போன் கேமராவில் புரோ மோடு (அமைப்புகளை நாமே மாற்றும் வசதி) இருந்தால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் பகலில் வெளியே நிழலில் எடுங்கள்.

காலிக் கூடையில் தொடங்கி காலிக் கூடையில் முடியுங்கள். சுற்றிச் சுற்றி ஓடும்போது வெட்டு தெரியாது.

புரொஜெக்டரும் கண்ணாடியும்

கூடையின் வாய் 50 செ.மீ. என்றால் படத்தின் உயரமும் அதுவே. 16:9 கணக்கில் அகலம் 89 செ.மீ. வரும். புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.2 என்றால் 0.89 × 1.2, அதாவது 1.07 மீட்டர் தூரம் வேண்டும்.

பழைய விளக்கு வகைப் புரொஜெக்டரை லென்ஸ் நேர் கீழே பார்க்கும்படி தொங்கவிட வேண்டாம், சூடேறும். படுக்கையாக வைத்து, லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரியில் ஒரு முகக்கண்ணாடி வைத்தால் ஒளி கீழே இறங்கும். தூரத்தைக் கண்ணாடி வழியாகவே அளக்க வேண்டும். இடது வலது மாறித் தெரியும். மெனுவில் 'ரியர்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

மாஸ்க்: நேரம் எடுக்கும் இடம்

கூடைக்கு வெளியே விழும் ஒளியை மறைக்கும் கறுப்பு மறைப்புதான் மாஸ்க். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். கூடைக்கு வெளியே தரையில் ஒரு விரல் அகலம் வெளிச்சம் சிந்தினாலும் போச்சு. அது வெறும் புரொஜெக்டர் படமாகிவிடும். வட்டம் போட்டு வெட்டினால் பொருந்தாது. நசுங்கிய கூடை எதுவும் வட்டமாக இருப்பதில்லை.

வழி இது. முதலில் புரொஜெக்டரில் ஆட்டோ கீஸ்டோனை (படத்தின் கோணலைத் தானே சரிசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை போடும்போதும் படம் தானே நகரும். லேப்டாப்பை இணைத்து, கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் 1920×1080 கறுப்புப் படம் ஒன்றை முழுத்திரையில் திறவுங்கள். வெள்ளைப் பிரஷை எடுத்து வரையுங்கள். லேப்டாப்பைப் பார்க்காமல் கூடையைப் பாருங்கள். வெளிச்சம் விளிம்பைத் தொடும் வரை, நெளிவுக்கு நெளிவு நகர்த்திக்கொண்டே போங்கள். முடிந்ததும் வெள்ளைப் பகுதியை நீக்கி, ஓட்டை உள்ள பிஎன்ஜி படமாகச் சேமித்து, எடிட்டிங்கில் வீடியோவுக்கு மேல் அடுக்குங்கள். எடிட்டிங்குக்கு நான் ஷாட்கட்தான் சொல்வேன்: இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இந்த வேலைக்குக் காசு கொடுத்து மேப்பிங் மென்பொருள் (படத்தைப் பொருளின் வடிவத்துக்குப் பொருத்துவது) வாங்குவது வீண்.

புரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, லேசாகச் சாம்பல் அடிக்கும். கூடைக்கு அடியில் கறுப்புத் துணி விரித்தால் அதுவும் அடங்கிவிடும்.

ஓட்டுவது

பென்டிரைவில் ரிப்பீட் போட்டால் சில புரொஜெக்டர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மெனுவைக் காட்டும். 3 நிமிடக் காட்சியை 20 தடவை அடுக்கி ஒரு மணி நேரக் கோப்பாக்குங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. வீடியோவின் பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதை) 8 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபிக்குள் முடியும். லேப்டாப்பில் கச்சிதமாகப் பொருந்தியது பென்டிரைவில் விளிம்பைத் தாண்டினால், புரொஜெக்டர் மெனுவில் ஆஸ்பெக்ட் (அகல உயர விகிதம்), ஓவர்ஸ்கேன் (ஓரத்தை வெட்டிப் படத்தைப் பெரிதாக்குவது) அமைப்புகளைப் பாருங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாளில் திறந்த வெளியில் வேண்டாம். புரொஜெக்டரின் மின்விசிறி மணலையும் உப்பையும் உள்ளே இழுத்துவிடும்.

பின்சேர்க்கை 1: தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டார்: எவர்சில்வர் பாத்திரம்தான் கிடைத்தது, கண் கூசுகிறதே? பெயின்ட் அடிக்காதீர்கள். அடியில் கல் உப்பை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வெள்ளை, மினுமினுப்பு குறைவு, அருமையான திரை. வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிற மாவட்டத்தில், மீன் பாத்திரத்துக்குள் உப்பு ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடற்கரைக் காற்றில் ராத்திரிக்குள் ஈரம் கோத்துவிடும், அதனால் தினமும் மாற்றுங்கள். அலுமினியக் கூடையில் இதைச் செய்ய வேண்டாம், அரித்துவிடும்.

பின்சேர்க்கை 2: கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மெனுவில் 'டைரக்ட் பவர் ஆன்' இருந்தால் அதைப் போடுங்கள். அப்புறம் யூஎஸ்பி ஆட்டோ பிளே தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால்தான் ஆள் இல்லாமல் ஓடும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ரிமோட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.